கண்ணாடிக்கடை அண்ணியும் சபைப் பாட்டும்

ஓர் அடக்க ஆராதனையில் என் அண்ணி கல்யாணப் பாட்டை வாசித்துவிட்டார். பெட்டியை உள்ளே கொண்டுவரும்போது வாசிக்க வேண்டியது ஒன்று இருக்க, மணப்பெண் உள்ளே வரும்போது வாசிக்கிற பாட்டை முழுதாக ஒரு சரணம் வாசித்தார். கை தவறுவது யாருக்கும் நடக்கும், அதை விடுங்கள். சபையில் ஒருவருக்கும் அது தெரியவில்லை என்பதுதான் கொடுமை. இறந்தவரின் மகன் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்திருந்தார். போதகர் கண்களை மூடியிருந்தார். கீபோர்டுக்குப் பக்கத்திலேயே பாட்டுக்குழுவில் நின்ற நான், கூரையில் ஒரு பக்கமாக ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி எப்போது கழன்று விழும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரணத்தின் கடைசி வரியில்தான் அண்ணிக்கே உறைத்தது. சட்டென்று விரல்களை இழுத்துச் சரியான பாட்டுக்குத் தாவிவிட்டார். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று எங்கள் குழுவில் ஆண்களின் உயர்ந்த குரலான டெனர் பாடும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைப் பிடித்தார்.

"அண்ணே, இன்னைக்கு வாசிச்சது எப்படி இருந்துச்சு?"

"உங்க வாசிப்புக்கு என்னம்மா குறை? எப்பவும் போலதான்!"

அடுத்து வந்த இரண்டு மூன்று பேரிடமும் கேட்டார். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். எப்பவும் போல. பாராட்டாகத்தான் சொன்னார்கள், பாவம். ஆனால் ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் அண்ணியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார். "தம்பி, செத்தவருக்கும் கல்யாணப் பொண்ணுக்கும் நான் ஒரே மாதிரிதான் வாசிச்சுட்டு இருக்கேன்."

"விடுங்க அண்ணி. யாருக்கும் தெரியல இல்ல?"

"அதத்தான் தம்பி நானும் சொல்றேன். யாருக்கும் தெரியல."

தெருமுனையில் திரும்பும்போது, "பாட்டு உயிரோட இருக்கணும். அதுக்கு என்னால முடிஞ்சா உக்காருவேன். முடியலன்னா அந்த ஸ்டூல வேற யாருக்காவது விட்டுட்டு இறங்கிருவேன். சும்மா தேய்ச்சுட்டு இருக்க மாட்டேன்" என்றார்.

அண்ணி சொன்னால் சொன்னதுதான். அதோடு, அந்த ஸ்டூலை விட்டால் அவருக்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், யாருமே தொடாமல் கிடந்த சபைக் கீபோர்டின் உறையைக் கழற்றி உட்கார்ந்தவர் அவர். கைக்குழந்தையைப் பக்கத்து நாற்காலியில் படுக்க வைத்துக்கொண்டு வாசித்தார். எங்கள் அம்மா போய்ச் சேர்ந்த வாரத்திலும் வாசித்தார். அவரை அந்த ஸ்டூல் இல்லாமல் நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

நான் அவருடைய கொழுந்தன். ஃபிரிட்ஜ் மெக்கானிக். பாட்டுக்குழுவில் அடிக்குரல். என் குரலும் நான் பழுது பார்க்கிற கம்பிரசரும் ஒன்றுபோல உறுமுகின்றன என்று அண்ணி சொல்வார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வேன். வேறு வழி?

அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் கண் பரிசோதனை, பின்பக்கம் லென்ஸ் தேய்க்கிற மெஷின், இரண்டுக்கும் அவர்தான். அந்தச் சிறிய அறைக்குள் வாடிக்கையாளரை உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டு, நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "முன்னதா, இதுவா? எது தெளிவா இருக்கு?" மனிதர்களுக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கம். ஆகவே சிலரிடம் ஒரே லென்ஸை இரண்டு முறை போட்டுக் காட்டுவார். "இதுதான் சூப்பர்" என்று சொல்கிறவரை மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பார்.

அந்தச் சனிக்கிழமைப் பயிற்சியில் எங்களிடமும் அதையே செய்தார். ஒரு பாட்டின் பல்லவியை வாசித்தார். "நல்லா கேளுங்க, இப்ப வேற மாதிரி வாசிக்கிறேன்" என்று சொல்லி மறுபடி வாசித்தார். "முன்னதா, இதுவா?"

டெனர் இன்ஷூரன்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டாவதுல ஒரு உருக்கம் இருக்கும்மா. முதல்ல அது இல்ல."

அவ்வளவுதான், எல்லோருக்கும் அந்த உருக்கம் தெரிந்துவிட்டது. மேல்குரல் பாடும் நர்ஸ் அக்காவுக்கு மெய் சிலிர்த்ததாம். நானும் மண்டையை ஆட்டி வைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அண்ணி. "ஒரு விரல்கூட மாத்தல."

இன்ஷூரன்ஸ் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அதற்குள் காணாமல் போனார்.

"உங்களைக் குத்தம் சொல்லல" என்றார் அண்ணி. "நான் வருஷக்கணக்கா அரைச்ச மாவையே அரைச்சிருக்கேன். அதான் உங்க காது தூங்கிடுச்சு. முதல்ல நான் முழிச்சுக்கணும்."

விழித்துக்கொண்டார். எப்படியென்றால், பேரன் எடுக்கிற வயதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்த பெண்மணி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தரும் ஓர் ஆசிரியையிடம் போய்ச் சேர்ந்தார். மாடிப்படி ஏறினால் சின்னச் சின்ன ஷூக்கள் வரிசையாகக் கிடக்கும். அவற்றுக்கு நடுவே அண்ணியின் செருப்பு. வரவேற்பறையில் கால் தரையைத் தொடாத குழந்தைகளோடு உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருப்பார். "உங்க இடது கை தூங்குது ஆன்ட்டி" என்றாராம் அந்த ஆசிரியை முதல் நாளே. அண்ணி அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

அது போதாதென்று டயர் கடைக்காரரைப் பிடித்தார். பகலில் பஞ்சர் ஒட்டுகிறவர், விசேஷ நாட்களில் ஒரு பேண்டு குழுவில் டிரம் அடிப்பவர். எங்கள் சபைக்காரர்கூட இல்லை. கடையில் தலைகீழாகக் கிடந்த ஒரு லாரி டயரின் மேல் அவர் கையால் தட்டிக் காட்ட, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணியும் ஒரு டயரைத் தட்டுவார். காற்றடிக்க வந்தவர்கள் காற்றை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டில் அண்ணனுக்குப் பேக்கரி அடுப்பு வேலை. விடியும் முன்னே எழ வேண்டும் என்பதால் மாலை மங்கியதும் படுத்துவிடுவார். ஆகவே அண்ணி காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்த சிறிய கீபோர்டில் பழகுவார். வெளியே கேட்பதெல்லாம் கட்டைகள் அழுந்துகிற டக் டக் சத்தம் மட்டும்தான். "உங்க அண்ணி ஏதோ ஆபீஸ்ல டைப் அடிக்கிற மாதிரி இருக்குடா" என்று அண்ணன் போர்வைக்குள்ளிருந்து சொல்வார். ஆனால் ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை.

இப்படிக் கற்றதெல்லாம் கையில் குறுகுறுக்க, அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரப்பட்டுவிட்டார். சபைக்கே மனப்பாடமான ஒரு பழைய பாட்டை எடுத்து, வேகத்தைக் கூட்டி, தாளத்தைப் புரட்டிப்போட்டு, நடுவில் சுருதியையும் ஏற்றி வாசித்தார். எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். சபைக்குச் சொல்லவில்லை.

முன்வரிசைப் பெரியம்மாக்கள் பழைய வேகத்தில் பாடினார்கள். நாங்கள் புது வேகத்தில் பாடினோம். நடுவிலிருந்தவர்கள் இரண்டு கட்சிக்கும் நடுவே கிடந்து தவித்தார்கள். நாங்கள் பாட்டை முடித்து உட்காரப் போகும்போது, பெரியம்மாக்கள் கடைசிச் சரணத்தை இப்போதுதான் தொடங்கினார்கள். யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் முடித்தும் காட்டினார்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு சபைகள். பின்பெஞ்சில் இளசுகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன.

சபைச் செயலாளருக்கு முகத்தில் ஈயாடவில்லை. இரும்புக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான். ஆனால் எதிலும் முந்திக்கொள்கிறவர். பாட்டிலும் அப்படியே. எந்தப் பாட்டானாலும் சபைக்கு அரை வரி முன்னாலேயே போய்க்கொண்டிருப்பார், அதுவும் சபை முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிற தொண்டையில். ஆராதனை முடிந்ததும் போதகர் அறையில் எங்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார்.

"நான் நேரா சொல்லிடறேன்மா. பிள்ளைங்க பாட்டு நேரத்துல போன நோண்டுதுங்க. பாதிப் பேரு பாட்டு முடிஞ்சப்புறம்தான் வர்றாங்க. இது எனக்கும் கவலைதான். ஆனா நீங்க பண்ணது குட்டையக் குழப்பற வேலை. என் பொண்ணு போற சபையில ஒரு பெட்டி இருக்கு. எல்லாப் பாட்டும் அதுல பதிவாகி இருக்கு. பட்டனைத் தட்டினா பெரிய பெரிய கலைஞர்கள் வாசிச்ச இசை அப்படியே வரும். அத வாங்கிடலாம்."

"அப்ப அண்ணி?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"அவங்களும் பெஞ்சுல உக்காந்து நிம்மதியா பாடட்டுமே. இத்தனை வருஷம் உழைச்சாங்க, போதாதா?"

போதகர் சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்கிறவர். கையைப் பிசைந்தார். கடைசியில், சபையின் ஆண்டு விழா வரைக்கும் அண்ணி வாசிக்கட்டும், அன்றைக்கு ஆராதனை முடிவில் கையைத் தூக்கச் சொல்லி சபையையே கேட்டுவிடுவோம், கீபோர்டா பெட்டியா என்று, என்றார். அண்ணி "சரிங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் நான் என் வீட்டுக்காரியின் கண்ணாடியை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அண்ணி லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடவில்லை. அந்த நேரம் ஒரு பெரியவர் கோபமாக உள்ளே வந்தார். புதுக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"என்னம்மா கண்ணாடி இது? போட்டா தரை மேல எழும்பி வருது! படி எங்க இருக்குன்னு தெரியல. என் பழசே தேவலாம்."

அண்ணி அவரை உட்கார வைத்தார். பழைய கண்ணாடியையும் புதியதையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார். "தப்பு என்னோடதுதாங்க. பவரை ஒரேயடியா ஏத்திட்டேன். கண்ணு பழகியிருக்காது. கால் கால் பவரா ஏத்தியிருக்கணும். இன்னைக்குக் கொஞ்சம் குறைச்சு..."

அங்கேயே நிறுத்திவிட்டார். கையில் லென்ஸோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன அண்ணி?"

"தம்பி, நேத்து சபைக்கும் தரை எழும்பி வந்திருக்கு" என்றார். பெரியவரிடம் திரும்பி, "உங்களுக்குக் கோடி புண்ணியங்க. நாளைக்கு வாங்க, புது லென்ஸ் ரெடியா இருக்கும்" என்று அவரை ஏறக்குறையத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் விட்டார்.

அடுத்த ஞாயிறு, பாட்டுகள் எல்லாம் பழையவை, வேகமும் பழையதே. ஒன்றே ஒன்றுதான் புதிது. கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில், இடப்பக்க பெஞ்சுக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு தாழ்ந்த சுரத்தை 'ம்' என்று பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை, ஏனென்றால் அந்தச் சுரத்தை எடுத்துக் கொடுத்தவன் நான். இடப்பக்கம் முழுக்கத் தேன்கூடு போல ரீங்கரித்தது. அதற்கு மேலே வலப்பக்கம் பாட்டை முடித்தது. ஓர் ஆள் கைபேசியை விட்டு நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கு அது போதும்.

அதற்கடுத்த வாரம் ஒரு பாட்டின் ஒவ்வொரு வரி முடிவிலும் வலப்பக்கத்துக்காரர்கள் "நன்றி ஐயா" என்று மேலே எழுகிற மாதிரி ஒரு பதில் பாட வேண்டும். பிறகொரு வாரம் பெண்கள் மட்டும் பாட ஒரு வரி வந்தது. முன்வரிசைப் பெரியம்மாக்களுக்கு அண்ணி கொடுத்த வேலை தாளம். டயர் கடையில் கற்ற தாளத்தை பாட்டுப் புத்தகம் வைக்க அவர்கள் முன்னால் இருந்த மரக்கட்டையில் மெல்ல விரலால் தட்ட வேண்டும். தட்டினார்கள் பாருங்கள், அந்த வயதில் அப்படி ஒரு குஷி. ஒரு பெரியம்மா வாரநாளில் கண்ணாடிக் கடைக்கே வந்து மேசையில் தட்டிக் காட்டி, "சரியா இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

செயலாளருக்குக் குறை சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஆனால் எதைச் சொல்வார்? ராகம் பழையது, வார்த்தை பழையது, வேகம் பழையது. மாறியது கால் பவர்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் வினை வந்தது. கடைசி வரிக்கு முன்னால் எல்லோரும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, பிறகு சேர்ந்து பாட வேண்டும் என்று சொல்லியிருந்தார் அண்ணி. சபை நிறுத்தியது. செயலாளர் நிறுத்தவில்லை. வழக்கம்போல முந்திக்கொண்டு போய், அமைதியான சபையின் நடுவே தன்னந்தனியாக அரை வரி பாடிவிட்டார். பிள்ளைகள் வாயைப் பொத்தின. அவர் காது வரை சிவந்து, நேராக அண்ணியைப் பார்த்து முறைத்தார். அண்ணி அடுத்த வாரமும் அந்த நிறுத்தத்தை வைத்தார். அவர் அடுத்த வாரமும் தவறினார்.

"வேணும்னேவா செய்றீங்க?" என்று பயிற்சி முடிந்ததும் கேட்டேன்.

"சத்தியமா இல்ல தம்பி. அந்த இடத்துல ஒரு மூச்சு வேணும். அது பாட்டுக்குத் தேவை." பிறகு மெல்லச் சிரித்தார். "அவருக்கும் தேவைதான்."

அப்போதுதான் விஷயத்தை எங்களுக்குப் போட்டு உடைத்தார். வாராவாரம் சபை கற்றுக்கொண்ட துண்டுகள் எல்லாம் துண்டுகள் அல்ல. இடப்பக்கத்து ரீங்காரம், வலப்பக்கத்துப் பதில், பெண்களின் வரி, பெரியம்மாக்களின் தாளம், அந்த மூச்சு, எல்லாம் அண்ணி புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டின் பாகங்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பழைய பாட்டுகளுக்குள் வைத்துப் பழக்கியிருக்கிறார். ஆண்டு விழாவில் எல்லாவற்றையும் சேர்த்துப் போடப் போகிறார்.

"புதுப் பாட்டா? நீங்களே போட்டதா?" என்றார் இன்ஷூரன்ஸ், கண்ணை விரித்து.

"நானேதான். வாசிச்சுக் காட்டட்டா? இந்த முறை நிஜமாவே ரெண்டு விதம் வச்சிருக்கேன். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

வாசித்தார். முன்னதா, இதுவா? இன்ஷூரன்ஸ் அவசரப்படவில்லை. இன்னொரு முறை கேட்டார். "முன்னது" என்றார். நர்ஸ் அக்கா "எனக்கு ரெண்டாவது" என்றார். அதில் கீழே இறங்குகிற இடம் மனத்தைத் தொடுகிறது என்று பாடியே காட்டினார். எனக்கு இடது கை நடக்கிற நடை முதலாவதில் பிடித்திருந்தது. ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். அண்ணி குறுக்கே பேசாமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அண்ணனின் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அண்ணன் மன்னிப்பாராக.

பாட்டின் வார்த்தைகளும் எங்கள் சபையிலிருந்தே வந்தன. ஜெபக்கூட்டத்தில், கண் ஆபரேஷன் முடிந்து வந்த ஓர் அம்மா எழுந்து சாட்சி சொன்னார்: "காலையில கண்ணு முழிச்சேன், எதிர்ல சுவர் தெரிஞ்சுது. அதுக்கே நன்றி சொல்றேன்." அவ்வளவுதான் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணி அதையே முதல் வரியாக வைத்தார்.

கண் விழித்தேன், சுவர் தெரிந்தது,
நேற்றின் ஒளியல்ல, இன்றின் ஒளி.

வார்த்தைகளைப் பார்த்த செயலாளர், "சபைப் பாட்டுல சுவரா? சிங்காசனம், மகிமை எதுவும் இல்லையா?" என்றார். போதகர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். "இருக்கட்டும்" என்றார். சண்டைக்குப் பயந்த மனிதரின் வாயிலிருந்து அப்படி ஓர் உறுதியான வார்த்தையை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.

ஆண்டு விழாவன்று எள் போட்டால் எள் விழாத கூட்டம். பெட்டியும் வந்திருந்தது. கடைக்காரர்கள் கொண்டுவந்து மேடையின் ஓரத்தில், இரண்டு உயரமான ஒலிபெருக்கிகளுக்கு நடுவே வைத்து, வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அண்ணி உட்காரும் இடத்திலிருந்து அது நேர் எதிரே தெரிந்தது. அவர் கை விரல்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான், நாளைக்கு அண்ணி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பட்டன் தட்டிய பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார் என்ற எண்ணத்தை என்னால் விரட்டவே முடியவில்லை.

போதகர் புதுப் பாட்டு என்று அறிவித்ததும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. புதுப் பாட்டா, நமக்கெங்கே வரப்போகிறது என்கிற அதே பழைய முணுமுணுப்பு.

அண்ணி எழுந்து நின்றார். மைக்கில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"பயப்படாதீங்க. உங்களுக்கு இந்தப் பாட்டு ஏற்கெனவே தெரியும். உங்க உங்க இடம் வரும்போது பாடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் பெரியம்மாக்கள். கட்டையில் விரல்கள் தட்டத் தொடங்கின. அதற்குள் அண்ணியின் இடது கை நடந்து வந்தது. முழுதாக விழித்த இடது கை அது. நாங்கள் முதல் வரியைப் பாடினோம். நான் என் சுரத்தைப் பிடித்ததும் இடப்பக்கம் யாரும் சொல்லாமலே அதில் வந்து சேர்ந்துகொண்டது. வரி முடிந்ததும் வலப்பக்கத்திலிருந்து "நன்றி ஐயா" எழும்பியது. அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அட, இது நமக்குத் தெரியும்! அந்த ஆச்சரியத்தில் குரல் இன்னும் ஏறியது. இரண்டாம் சரணத்தில் பெண்கள் தங்கள் வரியை எடுத்தபோது, ஜன்னலுக்கு வெளியே இடமில்லாமல் நின்றிருந்தவர்களும் சேர்ந்து பாடினார்கள். சாட்சி சொன்ன அந்த அம்மா பாடவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதார்.

மூன்றாம் சரணத்தில் அண்ணி கீபோர்டிலிருந்து கைகளை எடுத்துவிட்டார்.

எனக்கு ஒரு கணம் உயிரே போய்விட்டது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. தாளம், ரீங்காரம், பதில், மேலே பெண்களின் குரல், எல்லாம் தானாகவே எழுந்து நின்றது. வாழ்நாள் முழுக்க ஒரே குரலில் இழுத்துக்கொண்டிருந்த சபை, நாலு குரலில் பாடியது. அண்ணி கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த நிறுத்தம் வந்தது. கடைசி வரிக்கு முன்னால் சபை முழுக்க மூச்சைப் பிடித்தது. பாட்டுக்குழு மொத்தமும் ஒரே திசையில் பார்த்தது. செயலாளர் வாயைத் திறந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று நான் கண்ணை மூடப் போனேன். அவர் வலது கையால் தன் முன்னாலிருந்த பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்தபடியே காத்திருந்தார். அந்த ஒரு மூச்சு நேரம் முழுதும் காத்திருந்தார்.

எல்லோரும் சேர்ந்து கடைசி வரிக்குள் இறங்கியபோது கூரை ஓடுகள் அதிர்ந்தன என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். சொல்லத்தான் போகிறேன். அதிர்ந்தன.

போதகர் மைக்கின் அருகே வந்தார். கையைத் தூக்கச் சொல்லப் போகிறார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அவர் சபையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "இன்னொரு தடவை பாடலாமா?" என்றார். பாடினோம். அதற்குப் பிறகு கையைத் தூக்கச் சொல்வதை அவரும் மறந்துவிட்டார், நினைவூட்டவும் யாரும் எழவில்லை.

கூட்டம் கலையும்போது செயலாளர் எங்களை நோக்கி வந்தார். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக்தான், ஆனால் அந்த நேரம் தேவைப்பட்டால் ஒரு வாய்ச்சண்டைக்குத் தயாராக அண்ணிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

"அடுத்த வாரம் என்ன பாட்டும்மா?"

அண்ணி திகைத்துப் போனார். "எனக்கே தெரியலைங்க. இனிமேதான் ஏதாவது கத்துக்கணும்."

"நல்லா கத்துக்கோங்க. ஆனா எனக்கு மட்டும் கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க." குரலைத் தாழ்த்தினார். "இந்த நிறுத்தத்த மாதிரி வேற எதையாவது வச்சீங்கன்னா நான் வீட்டுல பழகிட்டு வரணும். கடையில ஒரு வாரமா கதவைச் சாத்திட்டு இதத்தான் பழகினேன்."

அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலைக் கீபோர்டுக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நின்னுட்டே இருக்காதீங்க, இங்க வாங்க. இதக் கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லி, இதுவரை நாங்கள் யாருமே கேட்டிராத எதையோ செயலாளருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினார்.